புது சர்வர் வாங்கினாலும் தீராத தாமதம்

2025 செப்டம்பர் 3 அன்று ஜிஎஸ்டி கவுன்சில் புதிய விகிதங்களை அறிவித்தது. 22ஆம் தேதி அமல். ஜவுளிக்கடைக்கு விஷயம் சின்னது. 2,500 ரூபாய் வரையிலான ஆயத்த ஆடைக்கு 5 சதவீதம், அதற்கு மேல் 18. ஆனால் காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் என்று கிளை வைத்திருக்கும் நிறுவனங்களில் இந்த எண்ணை மாற்றப் பட்ட பாடு இருக்கிறதே! பாடு முடிந்ததும் தவறாமல் வரும் கேள்வி: "பேசாம புது சர்வர் ஒண்ணு வாங்கிடலாமா?"

வேண்டாம் ஐயா. இயந்திரத்தின் வேகம் வேறு, நிறுவனம் மாறும் வேகம் வேறு. பழைய சர்வர் பில் போடுவதில் ஒருநாளும் சுணங்கவில்லை. தாமதம் எங்கே? வரி விகிதம் நிரலுக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தது. அந்த நிரல் சாஃப்ட்வேர் போட்டுக் கொடுத்தவரிடம் இருந்தது. அவர் ஃபோன் எடுக்கவில்லை. எடுத்தபோது சோதித்துப் பார்க்க இடமில்லை. பிறகு ஒவ்வொரு கிளைக்கும் ஆள் போனது. இதில் எதை 32 கோர் பிராசஸர் சரிசெய்யும்? கிளவுடுக்குப் போனாலும் இதே கதைதான், மாத வாடகையோடு.

விகிதம் தனி அட்டவணையில், 'எந்தத் தேதி முதல்' என்ற பத்தியோடு இருக்க வேண்டும். பழைய விகிதத்தின் மேலேயே புதியதை எழுதிவிடாதீர்கள். செப்டம்பர் 20இல் விற்ற 1,800 ரூபாய்ச் சட்டைக்குப் பழைய விகிதமான 12 சதவீதம். அது அக்டோபரில் திரும்பி வந்தால் கிரெடிட் நோட்டும் (திரும்பிய சரக்குக்குக் கொடுக்கும் வரவுச் சீட்டு) 12இல்தான். பேரேட்டில் பழைய பற்றுவரவை யாராவது ரப்பர் போட்டு அழிப்பார்களா? செட்டிநாட்டில் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சோதனைக்கு, ஓடும் விர்ச்சுவல் மெஷினை (சர்வருக்குள் தனிக் கணினிபோல் இயங்கும் மென்பொருள்) குளோன், அதாவது நகல், எடுத்து, வெளித்தொடர்பில்லாத தனி நெட்வொர்க்கில் எழுப்புங்கள். தனி நெட்வொர்க் இல்லாமல் அப்படியே எழுப்பினால், அசலுக்கும் நகலுக்கும் ஐபி முகவரி (நெட்வொர்க்கில் கணினியின் விலாசம்) மோதும். அதைவிட மோசம், சோதனைப் பில்லுக்கு உண்மையான வாடிக்கையாளருக்கு எஸ்எம்எஸ் போகும், அரசுத் தளத்தில் இ-இன்வாய்ஸும் பதிவாகிவிடும். சரியென்றால் முதலில் ஒரே ஒரு கிளை. முகூர்த்தத்துக்கு முந்தின நாள் கையே வைக்காதீர்கள்.

மாற்றுவதற்கு முன் ஸ்நாப்ஷாட் (அந்த நிமிடத்தில் மெஷின் இருந்த நிலையின் பதிவு) எடுப்பது நல்லது. கடை திறந்து பில் ஓட ஆரம்பித்த பிறகு அதற்குத் திரும்பினால், இடையில் போட்ட பில்கள் எல்லாம் காலி. ஆகவே திரும்புவதா வேண்டாமா என்பதை ஷட்டர் தூக்குமுன் முடிவுசெய்யுங்கள். 72 மணி நேரத்துக்குள் ஸ்நாப்ஷாட்டை நீக்கிவிடுங்கள், விட்டால் வளர்ந்து டிஸ்க்கை அடைக்கும். இதை பேக்கப் என்று நம்பி உட்கார்ந்திருப்பவர்களுக்கு: ஸ்நாப்ஷாட் மூல டிஸ்க்கோடு ஒட்டிக்கொண்டிருப்பது. டிஸ்க் போனால் இதுவும் போகும்.

மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்புத் தடை முன்கூட்டியே அறிவிக்கப்படுகிறது. சர்வரை அணைத்து ஏற்றிப் பார்க்கக் காசில்லாமல் கிடைக்கும் ஒத்திகை அது. ஜெனரேட்டரைப் போட்டுவிட்டுத் தூங்கிவிடாதீர்கள். முதலில் அப்ளிகேஷன், பிறகு டேட்டாபேஸ், கடைசியில் ஸ்டோரேஜ் என்று அணையுங்கள், ஏற்றும்போது தலைகீழ். டிஎன்எஸ் சர்வர் (கணினிப் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தருவது) ஒரு விர்ச்சுவல் மெஷினாக இருந்து, அதைச் சுமக்கும் ஹோஸ்ட், அதாவது நிஜ சர்வர், எழுந்திருக்கவே டிஎன்எஸ் தேவைப்பட்டால், இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கும். அது ஒத்திகையில்தான் தெரியும். மின்சாரம் வந்ததும் ஏசி தானாக ஓடுகிறதா என்றும் பாருங்கள். ஆட்டோ ரீஸ்டார்ட் இல்லாத வீட்டு ஏசி சும்மா கிடக்க, சர்வர் மட்டும் கொதிக்கும்.

(பழைய வீட்டை அலுவலகமாக்கியவர்கள் சர்வர் அடுக்கிய ரேக்கை உள்ளறையில் வைக்கிறார்கள். கனத்த சுவர், மத்தியானமும் குளுமை, ஆட்களுக்குச் சரி. 2 கிலோவாட் இழுக்கும் ரேக் 2 கிலோவாட் வெப்பத்தைக் கக்கும், ஜன்னலில்லாத அறையில் அது எங்கே போகும்? சர்வருக்குள் நுழையும் காற்று 18 முதல் 27 டிகிரிக்குள் இருக்க வேண்டும். சுவரில் அல்ல, சர்வரின் முகப்பில் அளந்து பாருங்கள்.)

நிர்வாகி பாஸ்வேர்டு குறைந்தது இரண்டு பேரிடம் இருக்கட்டும். ஒருவராவது உங்கள் சம்பளப் பட்டியலில் இருப்பவராக இருக்கட்டும். நிரலின் பிரதியும் உங்களிடம் வேண்டும். அடுத்த ஏஎம்சியில் (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) கையெழுத்துப் போடும் முன்பே இரண்டையும் கேட்டு வாங்கிவிடுங்கள். போட்ட பிறகு கேட்டால் தனியாகக் கட்டணம் சொல்வார்கள்.