மார்ஷல்: குதிரை லாயத்தில் பிறந்த சொல்

1955 செப்டம்பர் 10 அன்று அமெரிக்கத் தொலைக்காட்சியில் ‘கன்ஸ்மோக்’ தொடரின் முதல் பகுதி ஒளிபரப்பானது. கறுப்பு வெள்ளையில் அரை மணி நேரக் கதை. கன்சாஸ் மாநிலத்தின் டாட்ஜ் சிட்டிக்கு டான் கிராட் என்ற துப்பாக்கிக்காரன் வருகிறான். அவனைத் தேடி டெக்சாஸிலிருந்து வந்த காவல் அதிகாரியைச் சுட்டுக் கொல்கிறான். அவனைக் கைது செய்யப் போகும் மார்ஷல் மேட் டில்லனும் குண்டடிபட்டுக் கீழே விழுகிறார். கதாநாயகன் முதல் பகுதியிலேயே தோற்பதைக் காட்டத் துணிச்சல் வேண்டும். படுக்கையில் கிடக்கும்போதுதான் டில்லனுக்கு ஒன்று பிடிபடுகிறது: கிராட் வேகமானவன், ஆனால் குறி தவறுபவன். அதனால்தான் எப்போதும் நெருங்கி வந்து சுடுகிறான். அடுத்த முறை டில்லன் அவனைக் கிட்டே நெருங்க விடுவதில்லை.

இந்தக் கதையை ஒரு நண்பருக்குத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். “மார்ஷல்னா மிலிட்டரியா?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. தமிழில் மார்ஷல் என்று எழுதினால் எத்தனை பொருள் வருகிறது என்று அப்புறம்தான் எண்ணிப் பார்த்தேன்.

முதலில் பிறப்பு. பழைய ஜெர்மானிய மொழிகளில் ‘மார்ஹ்’ என்றால் குதிரை, ‘ஸ்கால்க்’ என்றால் பணியாள். இரண்டும் சேர்ந்து குதிரைகளைப் பராமரிக்கும் ஆள் என்ற பொருளைத் தந்தன. ஆங்கிலத்தில் பெண் குதிரையைக் குறிக்கும் ‘மேர்’ என்ற சொல்லும் அந்த ‘மார்ஹ்’ வழியில் வந்ததுதான். நம் பழந்தமிழிலும் ‘மா’ குதிரையைக் குறிக்கும். சங்கப் பாட்டில் ‘கலிமா’ என்று விரையும் குதிரையைச் சொல்வார்கள். உடனே இரண்டையும் முடிச்சுப் போட ஆசை வரும். வேண்டாம். ஒலி ஒத்துப்போவது மட்டும் உறவுக்குச் சான்றாகாது.

போரில் குதிரைப்படை முக்கியமான காலத்தில், அரசனின் குதிரைகளைப் பார்த்துக்கொண்டவனின் மதிப்பும் ஏறியது. பிரெஞ்சு மொழிக்குப் போன சொல் அங்கே படைத்தலைவரைக் குறித்தது. ஆனாலும் பழைய வேலை மறையவில்லை. குதிரைக்கு லாடம் அடிப்பவரைப் பிரெஞ்சில் இன்றும் ‘மாரேஷால் ஃபெரான்’ என்றே சொல்கிறார்கள். கான்ஸ்டபிளும் இதே லாயத்து ஆள்தான். லத்தீனில் அதன் மூலப்பொருள் ‘லாயத்தின் அதிகாரி’. முடியாட்சிக் கால பிரான்சில் கான்ஸ்டபிள் மார்ஷலுக்கும் மேலே இருந்தார். நம் ஊரில் கான்ஸ்டபிள் காவல்துறையின் முதல் படி. ஃபீல்டு மார்ஷலோ ராணுவத்தின் உச்சம். 1973இல் மானெக்‌ஷாவுக்குக் கிடைத்தது அந்தப் பட்டம்தான்.

தமிழுக்கென்று இங்கே தனிச் சிக்கல் ஒன்று உண்டு. ‘மார்ஷல் லா’, ‘மார்ஷல் ஆர்ட்ஸ்’ என்பவற்றில் வரும் மார்ஷல் வேறு சொல். அது மார்ஸ் என்ற ரோமானியப் போர்த் தெய்வத்தின் பெயரிலிருந்து வந்தது, நம் செவ்வாய்க் கிரகத்துக்கு மேலைநாட்டில் வைத்த அதே பெயர். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் எழுத்து வேறு. தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. என் நண்பர் குழம்பியது அவர் தவறில்லை. முன்னதற்கு இராணுவச் சட்டம், பின்னதற்குத் தற்காப்புக் கலை என்று எழுதினால் பாதிக் குழப்பம் தீரும்.

சரி, டில்லன் யார்? அமெரிக்காவில் 1789ஆம் ஆண்டின் நீதித்துறைச் சட்டம் உருவாக்கிய பதவி ‘யு.எஸ். மார்ஷல்’. கூட்டரசு நீதிமன்றத்தின் அழைப்பாணைகளைக் கொண்டுசேர்ப்பது, பிடியாணைப்படி ஆளைப் பிடிப்பது, கைதிகளைக் கொண்டுவருவது அவர் வேலை. டில்லன் அணிந்திருப்பது இந்த வில்லைதான். ஆனால் அவர் செய்யும் வேலையில் பெரும்பகுதி, மதுக்கடைச் சண்டையை அடக்குவது, தெருவில் சுட்டவனைப் பிடிப்பது எல்லாம், ‘நகர மார்ஷல்’ என்ற வேறொரு பதவிக்கு உரியது. உண்மையான டாட்ஜ் சிட்டியில் அப்படி இருந்தவர் எட் மாஸ்டர்சன். 1878இல் பணியில் இருக்கும்போதே சுடப்பட்டு இறந்தார். அவருடைய தம்பி பாட் மாஸ்டர்சன் அப்போது டாட்ஜ் சிட்டி அடங்கிய ஃபோர்டு கவுண்டியின் ஷெரீப். கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்றது. ஷெரீப் என்பவர் கவுண்டி மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த அதிகாரி. கௌபாய் காமிக்ஸ் படித்து வளர்ந்த நமக்கு நெஞ்சில் நட்சத்திரம் குத்திய எல்லோரும் ஷெரீப்தான். அது சரியல்ல.

தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். மூலத்தை அப்படியே பெயர்த்தால் ‘குதிரைச் சேவகன்’ வரும். அழகான சொல், ஆனால் தமிழில் அது ஏற்கெனவே குதிரைவீரனைக் குறிக்கிறது. வேரைப் பார்த்துப் பெயர்ப்பதைவிட வேலையைப் பார்த்துப் பெயர்ப்பதே நல்லது. அதற்கு நம்மிடமே முன்மாதிரி இருக்கிறது. சட்டமன்றத்தில் அமளி செய்யும் உறுப்பினரை வெளியேற்றும் மார்ஷலை நம் நாளிதழ்கள் ‘அவைக்காவலர்’ என்று எழுதுகின்றன. அதைப் படித்து யாரும் திகைப்பதில்லை. அதே வழியில் யு.எஸ். மார்ஷலை ‘நீதிக்காவலர்’ என்றும், நகர மார்ஷலை ‘நகரக் காவல் தலைவர்’ என்றும் எழுதலாம் என்பது என் பரிந்துரை. ராணுவப் பட்டத்துக்கு மட்டும் ஃபீல்டு மார்ஷல் என்றே விட்டுவிடலாம்; படைத்தலைவர் என்று எழுதினால் தளபதியிலிருந்து அதைப் பிரித்துக் காட்ட முடியாது.

இன்னொரு மார்ஷலையும் தொடவே கூடாது. கன்னியாகுமரி தமிழகத்தோடு சேரப் போராடிய நேசமணியை அந்த மண்ணின் மக்கள் மார்ஷல் நேசமணி என்று அழைத்தார்கள். 1956 நவம்பர் 1 அன்று அந்தப் போராட்டம் பலித்தது. நாகர்கோவில் பக்கம் போய் நீதிக்காவலர் நேசமணி என்றால் யாருக்குத் தெரியும்?