விற்காத சரக்கில் லாபம் எங்கிருந்து வருகிறது?

பி.காம். இறுதியாண்டு படிக்கும் வாசகி ஒருவர் தன் பாடப்புத்தகக் கணக்கு ஒன்றை அனுப்பியிருந்தார். ஒரே தொழிற்சாலை, ஒரே மாதம், விற்ற எண்ணிக்கையும் விலையும் ஒன்றுதான். மார்ஜினல் காஸ்டிங் முறையில் (வாடகை போன்ற நிலையான செலவைப் பொருளின் அடக்கவிலையில் சேர்க்காத முறை) போட்டால் ஒரு லாபம் வருகிறது, அப்சார்ப்ஷன் காஸ்டிங் முறையில் (உற்பத்தி சார்ந்த அந்தச் செலவையும் சேர்க்கும் முறை) போட்டால் வேறொரு லாபம் வருகிறது. “இரண்டையும் சரிக்கட்டிக் காட்டச் சொல்கிறார்கள். காட்டிவிட்டேன், மார்க்கும் வந்துவிடும். ஆனால் அந்தத் தொழிற்சாலைக்கு நிஜமாகக் கிடைத்த லாபம் எது?” என்று கேட்டிருக்கிறார்.

நல்ல கேள்வி. இந்தக் கேள்வி எழவேண்டும் என்பதற்காகத்தான் அந்தப் பாடமே இருக்கிறது என்பேன்.

அடிப்படை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒரு பொருள் கூடுதலாகச் செய்தால் கூடுகிற செலவு மாறும் செலவு; செய்தாலும் செய்யாவிட்டாலும் வந்து நிற்பது நிலைச் செலவு. 1772-ல் இங்கிலாந்தில் கடன் நெருக்கடி வந்து வியாபாரம் படுத்தபோது, பீங்கான் உற்பத்தியாளர் ஜோசயா வெட்ஜ்வுட் தன் கணக்குகளைத் தானே அலசி இந்த வித்தியாசத்தைக் கண்டுகொண்டார். சில செலவுகள் கடிகாரம் போல ஓடிக்கொண்டே இருக்கின்றன, சரக்கு அதிகமோ குறைவோ அவை மாறுவதில்லை என்று தன் பங்குதாரர் பென்ட்லிக்குக் கடிதம் எழுதினார். ஆகவே குறிப்பிட்ட நேரத்துக்குள் முடிந்த அளவு அதிகமாக உற்பத்தி செய்வதில் பெரிய ஆதாயம் இருக்கிறது என்பதும் அவர் வந்தடைந்த முடிவு. அந்த முடிவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். விற்க முடிகிற வரைக்கும் அது சரி.

இனி கணக்குக்கு வருவோம். கோயம்புத்தூரில் வெட் கிரைண்டர் செய்யும் ஒரு சிறு பட்டறையை வைத்துக்கொள்வோம். எண்கள் நான் போட்டவை, கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று முழு எண்களாக எடுத்திருக்கிறேன். ஒரு டேபிள் டாப் கிரைண்டரின் விலை 5,000 ரூபாய். கல், டிரம், மோட்டார், பீஸ் ரேட் கூலி, அட்டைப்பெட்டி எல்லாம் சேர்த்து மாறும் செலவு 3,000. பட்டறை வாடகை, சூப்பர்வைசர் சம்பளம், மின்வாரியத்துக்குக் கட்டும் டிமாண்ட் சார்ஜ் ஆகியவை உற்பத்தி சார்ந்த நிலைச் செலவு, மாதம் 4,00,000. அலுவலகம், விற்பனை வகையில் இன்னொரு 3,00,000. மாதாமாதம் விற்பது 400 கிரைண்டர்.

மார்ஜினல் முறையில் ஒரு நிமிட வேலை. ஒன்றுக்கு 2,000 வீதம் 400-க்கு 8,00,000 கைக்கு நிற்கிறது. அதில் நிலைச் செலவு 7,00,000 கழித்தால் லாபம் 1,00,000. எத்தனை செய்தார்கள் என்ற கேள்வியே எழவில்லை. விற்றது 400 என்றால் லாபம் ஒரு லட்சம், முடிந்தது.

அப்சார்ப்ஷன் முறையில் வாடகையையும் சம்பளத்தையும் ஒவ்வொரு கிரைண்டரின் தலையிலும் பங்கு போட்டுக் கட்டவேண்டும். 400 செய்து 400 விற்றால் ஒன்றின் தலையில் 1,000 ஏறும், அடக்கவிலை 4,000. விற்பனை 20,00,000, அடக்கம் 16,00,000, பிற செலவு 3,00,000. லாபம் அதே 1,00,000. இதுவரை இரண்டு முறையும் ஒத்துப்போகின்றன.

இப்போது முதலாளி ஆர்டர் ஏதும் கூடாமலேயே 800 செய்துவிடுகிறார் என்று வையுங்கள். விற்றது அதே 400. நிலைச் செலவு 4,00,000-ஐ 800-ஆல் வகுத்தால் ஒன்றின் தலையில் 500 தான். அடக்கவிலை 3,500-க்கு இறங்கிவிட்டது. விற்ற 400-க்கு அடக்கம் 14,00,000. இருபது லட்சத்தில் அதையும் பிற செலவு மூன்று லட்சத்தையும் கழித்தால் லாபம் 3,00,000! ஒரு கிரைண்டர்கூடக் கூடுதலாக விற்கவில்லை, விலை ஏற்றவில்லை, செலவில் ஒரு பைசா மிச்சம் பிடிக்கவில்லை. லாபம் மூன்று மடங்கு.

எங்கிருந்து வந்தது அந்த இரண்டு லட்சம்? எனக்கு இந்தப் பாடத்திலேயே மிகப் பிடித்த இடம் இதுதான். குடோனுக்குப் போய்ப் பாருங்கள். விற்காத 400 பெட்டிகள் அடுக்கி நிற்கின்றன. ஒவ்வொரு பெட்டியின் மீதும் 3,500 ரூபாய் என்று கணக்கில் ஏறியிருக்கிறது. அதில் 3,000 கல்லுக்கும் மோட்டாருக்கும் கூலிக்கும். மிச்சம் 500 ரூபாய் இந்த மாத வாடகையின் ஒரு துண்டு, சூப்பர்வைசர் சம்பளத்தின் ஒரு துண்டு, டிமாண்ட் சார்ஜின் ஒரு துண்டு. 400 பெட்டி, தலைக்கு 500, ஆக இரண்டு லட்சம். பணம் கட்டட உரிமையாளரிடம் போய்ச் சேர்ந்துவிட்டது, சூப்பர்வைசர் சம்பளம் வாங்கிச் செலவும் செய்துவிட்டார். ஆனால் கணக்கில் அந்த இரண்டு லட்சம் செலவாக இல்லை. இறுதிச் சரக்கிருப்பு என்ற பெயரில் சொத்தாகி பேலன்ஸ் ஷீட்டில் உட்கார்ந்திருக்கிறது. இந்த மாத லாப நட்டக் கணக்கிலிருந்து கழன்று, பெட்டிக்குள் ஏறி, அடுத்த மாதத்துக்குப் பயணம் போகிறது.

கல்லாவைப் பார்த்தால்தான் விஷயம் புரியும். எல்லாம் ரொக்கம் என்று கொள்வோம். வந்தது 20,00,000. போனது 800 கிரைண்டருக்கு 24,00,000, நிலைச் செலவு 7,00,000. பதினொரு லட்சம் துண்டு விழுகிறது. மூன்று லட்சம் லாபம் என்று காட்டும் அதே மாதத்தில் முதலாளி பதினொரு லட்சம் கடன் வாங்கவேண்டும். வாங்கிய கடனுக்கு வட்டி வேறு.

அடுத்த மாதம் அவர் உற்பத்தியை நிறுத்தி, குடோனில் இருக்கும் 400-ஐ விற்றுத் தீர்க்கிறார். வங்கிக்காரர் மகிழ்வார். பணம் வருகிறது, குடோன் காலியாகிறது, கடன் அடைகிறது. கணக்கு என்ன சொல்கிறது? விற்பனை 20,00,000. விற்ற சரக்கின் அடக்கம் 14,00,000. இந்த மாத வாடகையும் சம்பளமும் ஏறி உட்காரப் புதுப் பெட்டி ஒன்றுகூட இல்லை, ஆகவே அந்த 4,00,000 நேராகச் செலவில் விழுகிறது. பிற செலவு 3,00,000. ஒரு லட்சம் நட்டம்.

சரக்கைத் தேக்கிய மாதத்துக்கு மூன்று லட்சம் லாபம். தேங்கியதை விற்றுக் கடனை அடைத்த மாதத்துக்கு ஒரு லட்சம் நட்டம். இரண்டு மாதத்திலும் விற்பனை அதே 400 தான். கூட்டிப் பாருங்கள்: மூன்றில் ஒன்று போக இரண்டு லட்சம். மார்ஜினல் முறையிலும் மாதம் ஒரு லட்சம் வீதம் இரண்டு லட்சம். செய்ததெல்லாம் விற்று, குடோன் காலியாகும் நாளில் இரண்டு முறையும் ஒரே இடத்தில் வந்து நிற்கும். மொத்த லாபத்தில் சண்டையே இல்லை, எந்த மாதத்துக்கு எவ்வளவு என்பதில்தான் சண்டை.

இது கல்லூரிக் கணக்கோடு நிற்கும் விஷயமும் இல்லை. அமெரிக்காவில் ஜோனதன் ஹாரிஸ் என்ற கணக்காளர் 1936-ல் எழுதிய கட்டுரை ஒன்றில், விற்பனை ஏறியிருக்கும்போது லாபம் எப்படி இறங்கும் என்று குழம்பி நிற்கும் ஒரு கம்பெனித் தலைவர் வருகிறார். நம் இரண்டாவது மாதக் கதைதான். மார்ஜினல் முறை பரவியதில் அந்தக் கட்டுரைக்குப் பெரிய பங்கு உண்டு. பிற்காலத்தில் டெட்ராய்ட்டின் மூன்று பெரிய கார் நிறுவனங்களை ஆராய்ந்து ப்ரூகன், ரஞ்சனி கிருஷ்ணன், செடடோல் ஆகிய மூவர் 2011-ல் வெளியிட்ட ஆய்வு, தேவைக்கு மேல் கார் செய்து குவித்ததற்கும் இந்தக் கணக்கு முறைக்கும் உள்ள தொடர்பைக் காட்டியது. தொழிலாளருக்கு வேலை இல்லாவிட்டாலும் சம்பளம் தரவேண்டும் என்ற ஒப்பந்தம் அங்கே இருந்ததால் கூலியும் நிலைச் செலவாகிவிட்டது. அதைப் பங்கு போட்டு ஏற்ற இன்னும் கார்கள் வேண்டும் என்ற இழுப்பு வரத்தானே செய்யும்!

அப்படியானால் அப்சார்ப்ஷன் முறை ஏமாற்று வேலையா? இல்லை. சிவகாசியை நினைத்துப் பாருங்கள். பட்டாசு செய்வது பல மாதம், விற்பது பெரும்பாலும் தீபாவளியை ஒட்டி. அங்கே மாதாமாதம் மார்ஜினல் கணக்கு போட்டால் வருடம் முழுக்க நட்டம், ஒரே மாதத்தில் கொள்ளை லாபம் என்று வரும். மார்ச் மாத வாடகை தீபாவளிச் சரக்குக்காகத்தான் கட்டப்பட்டது. அது சரக்கோடு காத்திருந்து, சரக்கு விற்கும்போது செலவாவதுதான் நியாயம். இந்தியாவில் வெளியிடும் நிதிக் கணக்குகளுக்கு ஏ.எஸ். 2 என்ற கணக்கியல் தரம் (பெரிய நிறுவனங்களுக்கு இண்ட் ஏ.எஸ். 2) அப்சார்ப்ஷன் முறையைத்தான் கேட்கிறது.

அந்தத் தரத்தை எழுதியவர்களுக்கு இந்த ஓட்டை தெரியாமல் இல்லை. உற்பத்தி படுத்துப்போன மாதத்தில் மொத்த வாடகையையும் செய்த பத்துப் பெட்டியின் தலையில் கட்டக்கூடாது, வழக்கமான உற்பத்தித் திறனை வைத்துத்தான் பங்கு போடவேண்டும், மிச்சத்தை அந்தக் காலத்துச் செலவாகவே எழுதிவிடவேண்டும் என்கிறது. சரக்கை விற்றால் கிடைக்கக்கூடிய தொகை அடக்கத்தைவிடக் குறைந்துவிட்டால் மதிப்பைக் குறைக்கவும் சொல்கிறது. ஆனால் நம் 800 கிரைண்டர் கதையை இந்த விதிகள் தடுக்கவில்லை. உற்பத்தி அளவுக்கு மீறிக் கூடினால் ஒவ்வொன்றின் பங்கையும் குறைத்துக்கொள் என்றுதான் விதி. 1,000-ஐ 500 ஆக்கியபோது அதைத்தான் செய்தோம். 3,500-க்கு அடங்கிய கிரைண்டர் 5,000-க்கு விற்கும்போது ஆடிட்டர் மதிப்பைக் குறைக்கச் சொல்லவும் காரணம் இல்லை. தவறு என்று யாரையும் கைகாட்ட முடியாது.

எனக்கு வருத்தம் ஒன்று உண்டு. விற்பனை குறையாத மாதத்தில் திடீரென நட்டம் என்று கணக்கு சொன்னால், பல இடங்களில் திருஷ்டிப் பூசணிக்காய் உடைக்கிறார்கள், வாஸ்து பார்த்து வாசலை மாற்றுகிறார்கள். உழைத்து முன்னுக்கு வந்தவர்கள், கணக்கில் புலிகள். ஆனால் காரணம் குடோனில் இருக்கிறது என்று அவர்களுக்கு யாரும் உட்கார்ந்து விளக்கவில்லை. நம் கல்லூரிகளில் இந்தப் பாடத்தை ஒரு படிவமாக, கோடு போட்டு நிரப்பும் அட்டவணையாகத்தான் நடத்துகிறோம். கோவை, திருப்பூர், சிவகாசிப் பட்டறைகளின் நிஜமான அடக்கவிலைக் கணக்குகளை மாணவர்கள் நேரில் போய் ஆராய வணிகவியல் துறைகளுக்குக் கொஞ்சம் ஆய்வு நிதி ஒதுக்கலாம். விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். பஸ் செலவும், ஒரு மாதம் பட்டறையில் உட்காரும் பொறுமையும் போதும்.

சரி, வாசகிக்கு வருவோம். அடுத்த மாதம் எத்தனை செய்வது, ஒரு புது ஆர்டரை எடுக்கலாமா என்று முதலாளி கேட்டால் மார்ஜினல் கணக்கைக் காட்டுங்கள். வெளியிடும் ஆண்டுக் கணக்குக்கு அப்சார்ப்ஷன். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், இருப்பில் கூடிய எண்ணிக்கையை ஒன்றின் தலையில் ஏறிய நிலைச் செலவால் பெருக்கினால் வந்துவிடும். தேர்வில் நீங்கள் சரிக்கட்டியதும் அதைத்தான்.

இன்னொன்றும் செய்து பாருங்கள். உற்பத்தி செய்யும் ஏதாவது ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கையை எடுங்கள். லாப நட்ட அறிக்கையின் செலவுப் பகுதியில், சரக்கிருப்பில் ஏற்பட்ட மாற்றம் என்று ஒரு வரி இருக்கும். இருப்பு கூடிய வருடத்தில் அந்த எண் அடைப்புக்குறிக்குள் நின்று மொத்தச் செலவைக் குறைத்துக் காட்டும். அதில் மூலப்பொருள், கூலி, நிலைச் செலவு எல்லாம் கலந்திருப்பதால் வாடகைத் துண்டு மட்டும் எவ்வளவு என்று வெளியிலிருந்து பிரிக்க முடியாது. ஆனால் விற்பனை அசையாமல் அந்த எண் மட்டும் இரண்டு மூன்று வருடம் தொடர்ந்து பெருகினால், அதே அறிக்கையில் ரொக்க ஓட்டப் பக்கத்தைத் திருப்பி, செயல்பாடுகளிலிருந்து வந்த பணம் லாபத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.