வானில் மின்னியதா, கண்ணுக்குள்ளா?

டிசம்பர் 13, 14 தேதிகளில் ஜெமினிட் எரிகல் பொழிவு உச்சம் தொடும். அது முடிந்த வாரத்தில் என் அறையில் ஒரு கேள்வி தவறாமல் வரும்: "மணிக்கு நூறுக்கு மேல் என்றார்களே டாக்டர், முக்கால் மணி நேரம் நின்றும் இரண்டுதான் தெரிந்தது. எனக்கு மாலைக்கண் நோயா?"

அநேகமாக இருக்காது. எப்படிப் பார்த்தீர்கள் என்று விசாரித்தால், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கைபேசியை எடுத்தது வெளிவந்துவிடும். இருட்டில் பாவை, அதாவது கண்ணின் நடுவிலுள்ள கருந்துளை, சட்டென்று விரிந்துவிடும். ஆனால் அது மட்டும் போதாது. விழித்திரையில் மங்கிய வெளிச்சத்தைப் பார்க்க உதவும் கோல் செல்களில் ரோடாப்சின் என்ற நிறமி மறுபடி ஊற வேண்டும். அதற்கு 20 முதல் 30 நிமிடம் பிடிக்கும். பளிச்சென்ற திரையை ஒருமுறை பார்த்தால் போதும், பெரும்பாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். மங்கலான சிவப்பு விளக்கு என்றால் பாதகமில்லை. கோல் செல்கள் சிவப்பை அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை.

விழித்திரையின் நட்டநடுவில் கோல் செல்களே கிடையாது. அதனால் ஒரே இடத்தை உறுத்துப் பார்க்காமல், மல்லாந்து படுத்து வானத்தை அகலமாகப் பாருங்கள். மங்கலானவை ஓரக்கண்ணில்தான் சிக்கும். கண்ணாடி அணிபவர்கள் அதைக் கழற்றக் கூடாது. பாவை விரிந்த நிலையில் கிட்டப்பார்வை சற்றுக் கூடவே செய்யும்.

நூறு என்ற கணக்கும் நிலவொளி இல்லாத, துளி வெளிச்சம் கலக்காத வானத்துக்கு, இவை கிளம்பிவருவது போலத் தோன்றும் மிதுன விண்மீன் கூட்டம் உச்சியில் நிற்கும் நேரத்துக்கு. அதிகாலை 2 மணி வாக்கில்தான் அது உயரத்துக்கு வரும். மற்றபடி, புதிதாகப் பார்ப்பவர்களுக்கு ஜெமினிட்தான் நல்ல தொடக்கம் என்பேன். 1983இல் கண்டறியப்பட்ட ஃபேத்தான் என்ற சிறுகோளின் துகள்கள் இவை. வேகம் நொடிக்கு சுமார் 35 கிலோமீட்டர்தான், அதனால் கண்ணில் எளிதாகப் படும். ஆகஸ்டில் வரும் பெர்சீட் துகள்களோ 59 கிலோமீட்டர் வேகத்தில் பாய்பவை.

இதை எழுதத் தூண்டியவர் வேறொருவர். ஐம்பதைக் கடந்தவர், சிறு வயது முதலே கிட்டப்பார்வை அதிகம். "மூன்று நாளாகியும் பொழிவு ஓயவில்லை டாக்டர்" என்று சிரித்தபடிதான் உட்கார்ந்தார். இடது கண்ணின் ஓரத்தில் வில் போல ஒரு வெளிச்சம், தலையைத் திருப்பும்போதெல்லாம். கண்ணை மூடினால்? "அப்போதும் தெரிகிறது." எனக்குச் சிரிப்பு வரவில்லை. மருந்துவிட்டுப் பாவையை விரித்துப் பார்த்தேன். விழித்திரையின் விளிம்பில் குதிரை லாடம் போல ஒரு கிழிசல். அன்றே லேசர் சிகிச்சை செய்தோம்.

கண்ணுக்குள் நிறைந்திருக்கும் கூழ் போன்ற பொருள் வயதாக ஆகச் சுருங்கி, விழித்திரையைப் பிடித்து இழுக்கும். விழித்திரைக்குத் தெரிந்த ஒரே மொழி ஒளி. இழுத்தாலும் அது மின்னலாகத்தான் சொல்லும். எல்லா மின்னலும் கிழிசலில் முடிவதில்லை, ஆனால் பரிசோதிக்காமல் சொல்ல முடியாது. எரிநட்சத்திரம் இடம் மாறி மாறி வரும், இரண்டு கண்ணுக்கும் தெரியும். இது ஒரே கண்ணில், ஒரே ஓரத்தில் திரும்பத் திரும்ப வரும். கூடவே கரும்புள்ளிகள் கொட்டினாலோ, பார்வையில் திரை இறங்கியது போல இருந்தாலோ அன்றே கண் மருத்துவரிடம் போக வேண்டும். வலி இருக்காது, பலர் நாள் கடத்துவதே அதனால்தான்.

அந்த மூன்று இரவும் அவருடைய மனைவி பக்கத்திலேயே படுத்து வானம் பார்த்திருக்கிறார். இவர் காட்டியதில் பாதிகூட அவருக்குத் தெரியவில்லையாம். "உனக்குக் கண் சரியில்லை" என்று அவரைத்தான் முதலில் என்னிடம் அழைத்துவருவதாக இருந்தாராம்.