ஹோம்ஸ்டெட்: வீட்டுமனையா, குடிக்காணியா?

அமெரிக்காவில் குடியேறிப் பயிரிடுவோருக்கு அரசு நிலம் கொடுக்க 1862-இல் லிங்கன் கையெழுத்திட்ட ஹோம்ஸ்டெட் சட்டத்தை ‘வீட்டுமனைச் சட்டம்’ என்று எழுதுவதை எப்போது நிறுத்துவார்கள்? போன வாரமும் ஒரு மொழிபெயர்ப்பில் அதே சொல்.

பழைய ஆங்கிலத்தில் ‘ஹாம்’ வீடு, ‘ஸ்டெட’ இடம். சேர்த்தால் மனைதான், சரி. ஆனால் அமெரிக்கப் புல்வெளிக்குப் போனதும் சொல்லின் பொருள் விரிந்துவிட்டது. அங்கே ஒருவருக்குக் கிடைத்தது 160 ஏக்கர். வீட்டுமனை என்றால் நமக்கு அரை கிரவுண்டு, ஒரு கிரவுண்டுதானே நினைவுக்கு வரும்? 160 ஏக்கரை யாராவது மனை என்பார்களா?

அந்தச் சட்டத்தில் வீடு சிறு பகுதிதான். ஐந்தாண்டு அங்கேயே குடியிருக்க வேண்டும், உழுது பயிரிட வேண்டும், இரண்டு பேர் அதற்குச் சாட்சி சொல்ல வேண்டும். அந்தப் புல்வெளிப் பகுதியான நெப்ராஸ்காவில் பல இடங்களில் வீடு கட்ட மரமே கிடையாது. புல்தரையைக் கலப்பையால் வேரோடு பாளம் பாளமாகப் பெயர்த்து, புல் பக்கம் கீழே வைத்துச் செங்கல் மாதிரி அடுக்கிச் சுவர் எழுப்பினார்கள். மழை விட்ட பிறகும் கூரையிலிருந்து சேறு சொட்டும். சோற்றில் விழாமலிருக்க உள்ளே துணி கட்டினார்கள். அடுப்பெரிக்கக் காய்ந்த சாணி. வீடும் விறகும் நிலத்திலிருந்தே வந்த வாழ்க்கை அது.

‘பண்ணை வீடு’ இன்னும் மோசம். பணக்காரர்கள் வார விடுமுறைக்குப் போகிற இடத்துக்கு இன்று அந்தப் பெயர். சேறு சொட்டும் கூரைக்கு அதை வைப்பது அநியாயம்.

நான் சொல்வது ‘குடிக்காணி’. குடி என்றால் குடும்பமும் குடியிருப்பும். காணி என்றால் நிலமும் அதன் மேலுள்ள உரிமையும். இலங்கையில் இன்றும் நிலத்தைக் காணி என்றுதான் சொல்கிறார்கள். காணி வழிவழியாக வருவதாயிற்றே, நேற்று வந்தவனுக்கு ஏது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வழிவழி உரிமை பானி, லகோட்டா போன்ற பூர்வகுடிகளுக்குத்தான் இருந்தது. அதைப் பறித்த பிறகே அரசு பங்கு போட்டது. காணி என்ற சொல் அந்தக் கேள்வியைக் கேட்க வைக்கிறதே, அதற்காகவே அதை விரும்புகிறேன். மனை என்றால் யாருக்கும் கேட்கத் தோன்றாது. அதே காரணத்தால் ‘தரிசு நிலம் வழங்கப்பட்டது’ என்று எழுதுவதும் தப்பு.

அகராதியில் முதலில் கண்ணில் படும் பொருளை எடுத்து ஒட்டுகிற பழக்கம்தான் இதற்கெல்லாம் காரணம். ஐந்தாண்டு முடிந்ததும் குடியேறியவர் கைக்கு வந்த ‘பேடென்ட்’டை ‘காப்புரிமை’ என்று எழுதிவிடுகிறார்கள். அவர் என்ன இயந்திரமா கண்டுபிடித்தார்? அரசு தன் நிலத்தைத் தனியாருக்கு எழுதிக்கொடுக்கும் பத்திரம் அது. நம் ஊர் விவசாயி யாரைக் கேட்டாலும் பட்டா என்று சொல்லிவிடுவாரே!