முதலில் நீளும், பிறகே பிரியும்

தேக்கா சந்தையில் வாங்கிய பச்சைப் பயற்றை இரவு முழுவதும் ஊறவைத்து ஈரத்துணியில் முடிந்து வைத்தால், சிங்கப்பூரின் வெப்பத்துக்கு ஓரிரு நாளில் வெண்ணிற முளை வெளிவந்துவிடும். உள்ளே உயிரணுக்கள் பிரிந்து பெருகியதால்தான் முளை வந்தது என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். உண்மையில், பெரும்பாலான விதைகளில் முளைவேர் தோலைக் கிழித்துக்கொண்டு வருவதற்கு முதற்காரணம், ஏற்கெனவே இருக்கும் உயிரணுக்கள் நீரை உறிஞ்சி நீள்வதே ஆகும். உயிரணுப் பிரிவு அதையொட்டியோ அதற்குப் பின்னரோ வேகம் பெறுகிறது. நீள்வதையும் பிரிவதையும் ஹார்மோன்களே நெறிப்படுத்துகின்றன என்றாலும், இவை இரண்டும் வேறுவேறு வேலைகள்.

ஓர் உயிரணு இரண்டாகப் பிரிய வேண்டுமானால், முதலில் தன் டிஎன்ஏவைப் படியெடுக்க வேண்டும். தாய்ச்செடியில் விதை முற்றி உலரும்போது, கருவின் உயிரணுக்களில் பெரும்பாலானவை இந்தப் படியெடுப்புக்கு முந்திய கட்டத்திலேயே நின்றுவிடுகின்றன. அவற்றை அங்கே நிறுத்தி வைப்பதில் அப்சிசிக் அமிலம் என்னும் ஹார்மோனுக்குப் பெரும் பங்குண்டு. பிரிவைத் தொடங்கிவைக்கும் நொதிகள், சைக்ளின் என்ற புரதத்துடன் இணைந்தால்தான் இயங்கும். அந்த நொதிகளைப் பற்றிக்கொண்டு முடக்கும் தடைப்புரதம் ஒன்றை அப்சிசிக் அமிலம் மிகுதியாக உருவாக்கச் செய்வது, கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அரபிடாப்சிஸ் செடியில் தெளிவாகியுள்ளது.

விதை நீரில் ஊறியதும் இந்த அமிலத்தின் அளவு குறைகிறது, ஜிப்ரலின் என்னும் மற்றொரு ஹார்மோன் பெருகுகிறது. நெற்பயிரை அளவுக்கு மீறி நெடுநெடுவென வளரச் செய்து சாய்த்துவிடும் ஒரு நோயை ஆராய்ந்த ஜப்பானிய அறிவியலாளர் குரோசாவா, அதற்குக் காரணம் ஒரு பூஞ்சை சுரக்கும் பொருள் என்று 1926ஆம் ஆண்டில் காட்டியதிலிருந்துதான் ஜிப்ரலினின் வரலாறு தொடங்குகிறது. பயிரைக் கெடுத்த ஒன்றே, விதைகளை எழுப்பும் பொருளாகவும் இருப்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. செடியின் உயிரணுவில் டெல்லா எனப்படும் புரதங்கள் வளர்ச்சியைத் தடுத்து நிற்கின்றன. ஜிப்ரலின், தன்னை இனங்காணும் புரதமான ஏற்பியுடன் சேர்ந்ததும், டெல்லா புரதங்கள் அழிவுக்கென அடையாளமிடப்பட்டுச் சிதைக்கப்படுகின்றன. அதனால் உயிரணுச் சுவர் நெகிழ்ந்து நீள்வதற்கு வழி பிறக்கிறது. கூடவே, பிரிவை முடக்கும் தடைப்புரதங்களும் குறைகின்றன. ஒரே ஹார்மோன் இரண்டு வேலைகளுக்கும் வழிவிடுவதால்தான், நம் கண்ணுக்கு அவை ஒன்றுபோலத் தோன்றுகின்றன.

தடை நீங்குவது மட்டும் போதாது; பிரிவதற்கான தூண்டுதலும் வேண்டும். அதைத் தருபவற்றுள் முதன்மையானது சைட்டோகைனின் என்னும் ஹார்மோன். 1955இல் மில்லர், ஸ்கூக் ஆகியோரின் குழுவினர் இவ்வகைப் பொருளை முதன்முதலில் பிரித்தெடுத்தது செடியிலிருந்து அன்று, மீன் விந்துவின் டிஎன்ஏவிலிருந்து! சைட்டோகைனின் கிடைக்கும்போது உயிரணு ஒருவகைச் சைக்ளினை அதிகமாக உருவாக்க, அது நொதியுடன் இணைந்து டிஎன்ஏ படியெடுப்பைத் தொடங்கிவைக்கிறது. ஆயினும் ஆக்சின் என்னும் இன்னொரு ஹார்மோனின் துணையின்றி இப்பிரிவு முறையாக நடைபெறுவதில்லை. வேர்நுனியில் பிரியும் உயிரணுக்களின் கூட்டம் எங்கே அமைய வேண்டும் என்பதையும் ஆக்சினின் பரவலே பெரிதும் முடிவு செய்கிறது.

உலர்ந்து உறங்காத விதையைப் பார்க்க விரும்புவோர் சுங்கே பூலோவின் சதுப்புநிலக் காட்டுக்குச் செல்லலாம். மலாய்மொழியில் பக்காவ் எனப்படும் மரங்களில், விதை கீழே விழாமல் கிளையிலேயே முளைத்து, நீண்ட பச்சைக் குச்சிபோலத் தொங்கிக்கொண்டிருக்கும். இவ்வாறு தாய்மரத்திலேயே முளைக்கும் சதுப்புநில மரங்களின் கருவில் அப்சிசிக் அமிலம் குறைவாக இருப்பது ஆய்வுகளில் தெரியவந்துள்ளது. பச்சைப் பயற்றின் கரு நீருக்காகக் காத்திருக்கும் அந்த இடைநிறுத்தம், பக்காவ் கருவின் வாழ்வில் வருவதே இல்லை.