எழுத்துருவின் மேல் பழியைப் போடாதீர்கள்

கொழும்பு வெள்ளவத்தையிலுள்ள மருந்தகம் ஒன்றில் மருந்து உறைமீது ஒட்டப்படும் சிட்டையின் படம் ஒன்று சென்ற கிழமை எனக்கு வந்தது. "இரண்டு வேளை" என்று இருக்கவேண்டிய இடத்தில் வகரம் தனியே நிற்கிறது. அதற்குரிய கொம்பு அடுத்து வரும் ளகரத்துடன் சேர்ந்து "வளே" என்று வாசிக்க வைக்கிறது. ளகரத்துக்குரிய ஐகாரக் குறியோ வரியின் கடைசியில் ஒட்ட இடமின்றிக் கிடக்கிறது. மென்பொருளைச் செய்து கொடுத்தவர்களின் விளக்கம் வழக்கமானதுதான்: "ஃபொண்ட் சரியில்லை, வேறு ஃபொண்ட் போட்டுப் பார்க்கிறோம்." இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. மருத்துவமனையின் டோக்கன் திரை, பேருந்தின் எல்ஈடி பலகை, சாப்பாட்டுக் கடையின் பற்றுச்சீட்டு என்று தமிழ் எங்கே குழம்பினாலும் பழி எழுத்துருவின் தலையில்தான் விழுகிறது. திரைகளுக்கும் அச்சுப்பொறிகளுக்கும் மென்பொருள் எழுதுவதே என் தொழில் என்பதால், இதை ஒருமுறை நீட்டியே எழுதிவிடலாம் என்று நினைக்கிறேன்.

இவ்வகைக் கருவிகளில் பெரும்பாலானவற்றின் அடியில் இருப்பது ஃப்ரீடைப் என்னும் மென்பொருள் நூலகம் (பிற நிரல்கள் அழைத்துப் பயன்படுத்தும் நிரல்தொகுப்பு). டேவிட் டர்னர் 1996இல் தொடங்கிய இந்தத் திறமூல மென்பொருள், இன்று அண்ட்ரோய்ட் தொலைபேசிகளிலும் லினக்ஸ் கணினிகளிலும் எண்ணற்ற சிறு கருவிகளிலும் எழுத்து வரைந்துகொண்டிருக்கிறது. அதன் வேலை தெளிவானது. எழுத்துருக் கோப்பைத் திறக்கும். எழுத்துருவுக்குள் ஒவ்வொரு வடிவத்துக்கும் ஓர் எண் உண்டு; நீங்கள் கேட்ட எண்ணுக்குரிய வடிவத்தின் எல்லைக்கோடுகளை எடுக்கும். கேட்ட அளவுக்கு, ஒரு பிக்சலின் 64இல் ஒரு பங்கு வரை கணக்கிட்டுச் சுருக்கியோ பெருக்கியோ தரும். பிறகு அதன் உட்பகுதியை நிரப்பிப் பிட்மெப்பாக்கி (புள்ளிகளாலான படமாக்கி) கையில் கொடுக்கும். ஒரு தடவைக்கு ஒரு வடிவம், அவ்வளவுதான். அந்த வடிவத்துக்கு முன்னால் எது நின்றது, பின்னால் எது வரப்போகிறது என்று அது கேட்பதில்லை. கேட்க வேண்டிய கடமையும் அதற்கு இல்லை.

எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் "வேளை" என்ற சொல் வகரம், ஏகாரக் குறி, ளகரம், ஐகாரக் குறி என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது. அதாவது, உயிர்க்குறி கண்ணுக்கு எந்தப் பக்கத்தில் தெரிந்தாலும், சேமிப்பில் மெய்க்குப் பின்னால்தான் வரும். அதைத் திரையில் காட்டும்போது கொம்பை இடப்பக்கம் நகர்த்துவதும், ஒகரக் குறியை இரண்டாகப் பிரித்து எழுத்தின் இருபுறமும் வைப்பதும், ழகரத்தையும் உகரக் குறியையும் சேர்த்து "ழு" என்ற ஒரே வடிவமாக மாற்றுவதும், புள்ளியை உரிய இடத்தில் ஏற்றுவதும் தனியான ஒரு வேலை. அதைச் செய்வதற்கான அட்டவணைகள் எழுத்துருக் கோப்புக்குள்ளேயே இருக்கின்றன. ஆனால் அவற்றை வாசித்து, எந்த வடிவம் எந்த வரிசையில் எங்கே வரவேண்டும் என்று தீர்மானிக்க இன்னொரு நூலகம் வேண்டும். பழைய அச்சகங்களை நினைத்துப் பாருங்கள்: ஈய எழுத்தை வார்ப்பவர் வேறு, கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் எடுத்துக் கோப்பவர் வேறு. ஃப்ரீடைப் வார்ப்பவர். கோப்பவரை நீங்கள் வேலைக்கே வைக்கவில்லை.

அந்தக் கோக்கும் வேலைக்கு இன்று பலரும் பயன்படுத்துவது ஹார்ஃப்பஸ் என்ற நூலகம். வேடிக்கை என்னவென்றால், அதன் வேர் ஃப்ரீடைப் திட்டத்துக்குள்ளேயே எழுதப்பட்ட பழைய நிரலில்தான் இருக்கிறது. பின்னர் அது பிரிந்து தனியாக வளர்ந்தது. இன்னொரு குழப்பமும் இங்கே உண்டு. ஃப்ரீடைப்பைத் தொகுக்கும்போது (மூல நிரலை இயங்கும் நிரலாக்கும்போது) ஹார்ஃப்பஸ்ஸையும் இணைத்துக்கொள்ளும் தெரிவு ஒன்று இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு, "நாங்கள் ஹார்ஃப்பஸ் சேர்த்துத்தான் தொகுத்தோம், ஆனாலும் தமிழ் பிழைக்கிறது" என்று வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த இணைப்பு, சிறிய அளவுகளில் வடிவங்களைப் பிக்சல் கட்டங்களுக்குப் பொருத்தும் உள்வேலைக்கு மட்டுமே உதவுகிறது. உங்கள் வரியை எடுத்துக் கோத்துத் தருவது அதன் நோக்கமே அல்ல. ஹார்ஃப்பஸ்ஸை நீங்களே அழைத்து, வரியைக் கொடுத்து, அது திருப்பித் தரும் வடிவ எண்களையும் இடங்களையும் வைத்துக்கொண்டுதான் ஃப்ரீடைப்பிடம் போகவேண்டும்.

எழுத்துருவின் மேல் சந்தேகம் வருவதற்கு இலங்கையில் ஒரு தனிக் காரணம் உண்டு, அது யூனிகோட் பரவுவதற்கு முந்திய பாமினி எழுத்துரு. பாமினியில் "வேளை" என்பது நான்கு ஆங்கில எழுத்துகள்: பெரிய என், சின்ன டி, சின்ன ஐ, சின்ன எஸ். கொம்பு முதலில், வகரம் பிறகு, ஐகாரக் குறி, கடைசியில் ளகரம்; கண்ணுக்குத் தெரியும் வரிசையே சேமிப்பு வரிசையும். ஆகவே கோப்பவர் இல்லாமலேயே ஃப்ரீடைப் அதைப் பிழையின்றி வரைந்துவிடும். "பாமினி போட்டால் சரியாக வருகிறது, யூனிகோட் போட்டால் குழம்புகிறது, ஆகவே யூனிகோட் ஃபொண்ட்தான் பிழை" என்ற முடிவுக்கு நம்மவர்கள் வருவது இப்படித்தான். நோட்டோ எழுத்துருவை எடுத்துவிட்டு லதாவைப் போடுகிறார்கள், லதாவை எடுத்துவிட்டு இணையத்தில் கிடைத்த இன்னொன்றைப் போடுகிறார்கள். எதை மாற்றினாலும் கொம்பு அதே இடத்தில்தான் நிற்கும், ஏனென்றால் கொம்பை நகர்த்த அங்கே ஆளே இல்லை.

இதைவிடப் பெரிய தீங்கு, "திருத்தம்" என்ற பெயரில் நடப்பது. தரவுத்தளத்தில் உள்ள தமிழ் வரிகளையே கண்ணுக்குத் தெரியும் வரிசைக்கு மாற்றி, கொம்பை மெய்க்கு முன்னால் சேமித்துவிடுகிறார்கள். அச்சுப்பொறியில் அழகாக வருகிறது, வாடிக்கையாளர் கையொப்பமிடுகிறார், பணமும் கைமாறுகிறது. பிறகு அதே பெயரைத் தேடினால் கிடைக்காது. அகர வரிசை குலையும். அதே வரி குறுஞ்செய்தியாகப் போனால், ஒழுங்காகக் கோக்கத் தெரிந்த தொலைபேசி, மெய் இல்லாமல் வந்த கொம்புக்குப் பக்கத்தில் ஒரு புள்ளிவட்டத்தை வரைந்து காட்டும். அந்தப் புள்ளிவட்டத்தைப் பார்த்துவிட்டுத் தொலைபேசியைக் குறை சொன்ன பொறியியலாளரையும் நான் சந்தித்திருக்கிறேன். தம்பிமாரே, தங்கைமாரே, தயவுசெய்து தரவில் கை வைக்காதீர்கள். வரைவதில் உள்ள பிழையை வரையும் இடத்தில்தான் திருத்த வேண்டும்.

பைதன் நிரல்மொழியில் பில்லோ என்ற பட நூலகத்தைக் கொண்டு சிட்டை அச்சிடுகிறவர்களுக்கு ஒரு சொல். பில்லோ தமிழை ஒழுங்காகக் கோக்க, ராக்ம் என்ற நூலகம் வேண்டும். அது ஹார்ஃப்பஸ்ஸையும், எழுத்தின் திசையைக் கவனிக்கும் ஃப்ரிபிடி நூலகத்தையும் நம்பியிருக்கிறது. ராக்ம் கிடைக்காவிட்டால், நீங்கள் வெளிப்படையாகக் கேட்டிராத பட்சத்தில், பில்லோ ஒரு வார்த்தையும் சொல்லாமல் அடிப்படை முறைக்கு இறங்கி எழுத்து எழுத்தாக வரைந்துவிடும். உங்கள் லினக்ஸ் மடிக்கணினியில் சரியாக வந்த சிட்டை, கடையிலுள்ள விண்டோஸ் கணினியில் குழம்புவதற்குப் பெரும்பாலும் காரணம், அங்கே ஃப்ரிபிடி நிறுவப்படாததுதான். நிரல் தொடங்கும்போதே ராக்ம் இருக்கிறதா என்று கேட்டு, இல்லையென்றால் அச்சிட மறுத்துவிடுங்கள். பிழையான மருந்துச் சிட்டையைவிட வெற்றுத் தாள் மேல். பி.எச்.பி. நிரல்மொழியின் ஜீடி என்ற பட நூலகம் வழியாகப் படத்தில் தமிழ் எழுதுகிறவர்கள் அதை விட்டுவிட்டு, வரிகளைக் கோத்து அமைக்கும் பாங்கோ நூலகத்துக்கோ, உலாவியைக் கொண்டு படமாக்கும் முறைக்கோ மாறுவது நல்லது. ஹார்ஃப்பஸ்ஸைத் தாங்க முடியாத மிகச் சிறிய பலகைகளில், காட்ட வேண்டிய வாசகங்கள் பெரும்பாலும் நிலையானவையே. அவற்றை ஒரு கணினியில் சரியாகக் கோத்து, முழு வரியையும் பிட்மெப்பாக ஏற்றிவிடுங்கள்.

அடுத்தது மெய்யெழுத்தின் புள்ளி. பற்றுச்சீட்டு அச்சிடும் வெப்ப அச்சுப்பொறிகளில் பெரும்பாலானவை மில்லிமீற்றருக்கு 8 புள்ளிகள் அச்சிடுபவை. 58 மில்லிமீற்றர்த் தாளில் ஒரு வரிக்குக் கிடைப்பது பொதுவாக 384 புள்ளிகள். கறுப்பு, இல்லையேல் வெள்ளை. இடையில் சாம்பல் கிடையாது. ஃப்ரீடைப் வழக்கமாகத் தருவதோ 256 படிகள் கொண்ட சாம்பல் படம். அதை வாங்கி, பாதிக்கு மேல் கறுப்பு, கீழே வெள்ளை என்று வெட்டிவிட்டால், மெல்லிய கோடுகள் அறுந்துபோகும், சிறிய எழுத்துகளில் மெய்யின் புள்ளி மறைந்தே போகும். மருந்துச் சிட்டையில் "பின்" என்பது "பின" என்று வருவதும், ஒருவருடைய பெயரில் ஒற்று உதிர்வதும் இதனால்தான். ஒற்றை நிறத்துக்கென்றே ஃப்ரீடைப்பில் வரைவதற்கான தனி முறை இருக்கிறது. மெல்லிய கோடு இரு பிக்சல்களுக்கு நடுவே விழுந்து காணாமல் போகாதபடி பார்த்துக்கொள்ளும் ஏற்பாடும் அதில் உண்டு. அதைப் பயன்படுத்துங்கள், சற்றுத் தடித்த எழுத்துருவைத் தெரிவுசெய்யுங்கள், ஆங்கிலத்துக்குப் போதுமான உயரம் தமிழுக்கும் போதும் என்று கருதாதீர்கள். வரிகளுக்கிடையிலான இடைவெளியையும் ஆங்கிலப் பெரிய எழுத்தை வைத்துக் கணக்கிட வேண்டாம். "கீ"யின் தலையும் "ஞூ"வின் அடியும் வெட்டுப்பட்ட பலகைகள் இந்நகரில் போதியளவு தொங்குகின்றன.

(வரைந்த படம் சரிந்து, மழைச்சாரல் போலக் கலைந்து வந்தால் அது தமிழின் குற்றம் அன்று. பிட்மெப்பின் ஒவ்வொரு வரியும் நினைவகத்தில் படத்தின் அகலத்தைவிட நீளமாக இருக்கலாம். ஃப்ரீடைப் தரும் வரி நீளத்தைக் கேட்டு அதன்படி நகலெடுங்கள். ஆவணத்திலேயே எழுதியிருக்கிறது.)

சிங்களமும் இதே வழியில்தான் குழம்பும். அங்கேயும் கொம்பு உண்டு, அதுவும் சேமிப்பில் மெய்க்குப் பின்னால்தான் வருகிறது. கூடுதலாக, நாட்டின் பெயரிலுள்ள "ஸ்ரீ"யைச் சிங்களத்தில் சரியாக எழுத, கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறி ஒன்று தேவை. "தேவையற்ற மறைகுறிகளை நீக்குகிறோம்" என்று அதைத் துடைத்துவிட்டால், நாட்டின் பெயரே உடைந்து நிற்கும். ஆனால் சிங்களம் குழம்பினால் அன்றைக்கே தொலைபேசி அழைப்பு வந்துவிடுகிறது. தமிழ் மாதக்கணக்கில் அப்படியே தொங்குகிறது. 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. ஒப்பந்தப் பத்திரங்களில் "மும்மொழி" என்ற சொல்லும் தவறாமல் இருக்கிறது. பொருளை ஏற்றுக்கொள்ளும் நாளில் தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவர் அந்த அறையில் இருப்பதில்லை என்பதுதான் குறை. கையொப்பமிடும் முகாமையாளர்களே, ஒருவரைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை.

சோதிப்பதற்கு நான் வைத்திருப்பது கரையோர ரயில் பாதையின் நிலையப் பெயர்கள். கொழும்பு கோட்டை, கொம்பனித்தெரு, கொள்ளுப்பிட்டி, வெள்ளவத்தை, தெஹிவளை: இடப்பக்கம் போகும் கொம்பு, இருபுறமும் பிரியும் குறி, ஐகாரம், உகரம் சேர்ந்த ழு, ரு, ளு, பு எல்லாம் இவற்றுக்குள் அடங்கிவிடுகின்றன. இடையிலுள்ள பம்பலப்பிட்டியில் கொம்பே இல்லை; கோப்பவர் இல்லாத மென்பொருள்கூட அதை ஓரளவு ஒழுங்காகக் காட்டிவிடும். அதை மட்டும் காட்டி, தமிழ் வேலை செய்கிறது என்று சொல்பவரை நம்பாதீர்கள். மேலதிகமாக "ஔவை", "கௌரி", "ஜூலை", "ஸ்ரீ" ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம்.

பாதுகாப்பு பற்றிச் சுருக்கமாக. எழுத்துருக் கோப்பு வெறும் படம் அல்ல, சிக்கலான தரவு. அதை வாசிக்கும் நிரலில் ஓட்டை இருந்தால், திட்டமிட்டுச் செய்த ஓர் எழுத்துருவே கருவியைக் கைப்பற்றப் போதும். 2020 ஒக்டோபரில் குரோம் உலாவி வழியாக இப்படி ஓர் ஓட்டை உண்மையிலேயே பயன்படுத்தப்பட்டு, ஃப்ரீடைப் 2.10.4 அவசரமாக வெளியிடப்பட்டது. 2025 மார்ச்சில் 2.13.0 வரையிலான பதிப்புகளில் இன்னோர் ஓட்டை இருப்பது வெளியாயிற்று. தொலைபேசிக்கு இற்றைப்படுத்தல் தானாக வருகிறது. மூன்று வருடங்களுக்கு முன் சுவரில் மாட்டிய திரைக்கு யார் அனுப்புகிறார்கள்? வாடிக்கையாளர் தரும் எழுத்துருக்களையோ பீடிஎஃப் கோப்புகளையோ ஏற்கும் அச்சகங்களும் வடிவமைப்புக் கடைகளும் இதைத் தள்ளிப்போடவே கூடாது. நூலகத்தை நிரலோடு ஒட்டித் தொகுத்திருந்தால், இயங்குதளத்தை மட்டும் இற்றைப்படுத்திப் பயனில்லை. நிரலையும் மறுபடி தொகுக்க வேண்டும்.

ஏற்கெனவே தரவில் கொம்பை மெய்க்கு முன்னால் திருப்பிச் சேமித்து மாட்டிக்கொண்டவர்களுக்கு: முதலில் முழுப் பிரதி ஒன்று எடுத்து வையுங்கள். அநேகமாக உங்கள் தரவில் இரண்டு வகையும் கலந்திருக்கும்; நீங்கள் திருப்பிய பழைய பதிவுகள் ஒரு பக்கம், பயனர்கள் தங்கள் தொலைபேசியிலிருந்து ஒழுங்காகத் தட்டச்சு செய்த புதியவை மறுபக்கம். ஆகவே எல்லாவற்றையும் ஒரே அடியாக மாற்றினால், நல்லவையும் கெட்டுவிடும். சொல்லின் தொடக்கத்திலோ, இன்னோர் உயிர்க்குறிக்குப் பின்னாலோ கொம்பு நிற்கும் பதிவுகள் நிச்சயமாகத் திருப்பப்பட்டவை. அவற்றை நிரலால் பிரித்தெடுத்து மாற்றலாம். சொல்லின் நடுவில், மெய்க்குப் பின்னால் கொம்பு நிற்பவற்றில், அது முன்னெழுத்துக்குரியதா பின்னெழுத்துக்குரியதா என்பதை நிரலால் உறுதியாகச் சொல்ல முடியாது. பெயர்களையும் முகவரிகளையும் தமிழ் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து பார்க்கத்தான் வேண்டும். அந்த வேலை முடிந்து, ஹார்ஃப்பஸ் சேர்த்த புதிய பதிப்பையும் திருத்திய தரவையும் ஒரே இரவில் சேர்த்து ஏற்றுங்கள்; ஒன்றை இன்றும் மற்றதை அடுத்த கிழமையும் ஏற்றினால், இடைப்பட்ட நாட்களில் அச்சாகும் சிட்டைகள் பலவும் பிழையாகத்தான் வரும்.