தலைசுற்றலுக்குக் கழுத்துப் பட்டை எதற்கு?

தலைசுற்றல் என்று எங்களிடம் சோதனைக்கு வருகிறவர்களின் கழுத்தில் பட்டை. கையில் எக்ஸ்ரே உறை. பையில் ஆறு மாதத்து மருந்துச் சீட்டுகள். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் தலை திரும்பாது, தோளோடு சேர்ந்து முழு உடம்பும் திரும்பும். படுத்தால் சுற்றுகிறது என்று வாரக்கணக்கில் நாற்காலியிலேயே சாய்ந்து தூங்கியிருப்பார்கள். இவர்களில் பலரை மேசையில் படுக்கவைத்துத் தலையைச் சாய்த்துப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் காரணம் தெரிந்துவிடும். சரிசெய்ய இன்னொரு பத்து நிமிடம். அதற்கு ஆறு மாதம் அலைய வேண்டியிருக்கிறதே என்பதுதான் ஆற்றாமை. இந்த வாரமும் ஒரு பட்டை வந்தது.

குழப்பம் ‘மயக்கம்’ என்ற சொல்லிலேயே தொடங்குகிறது. அறை சுற்றினாலும் மயக்கம், எழுந்ததும் கண் இருட்டினாலும் மயக்கம், நடக்கையில் ஒரு பக்கம் தள்ளினாலும் மயக்கம், தலை கனத்தாலும் மயக்கம். நாலும் நாலு விஷயம், நாலுக்கும் வைத்தியம் வேறு. மருத்துவரிடம் போகும்போது அந்தச் சொல்லை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். என்ன செய்யும்போது வருகிறது, எவ்வளவு நேரம் நீடிக்கிறது, கூடவே வேறென்ன வருகிறது என்று சொன்னால் போதும்.

படுக்கையில் புரளும்போதும் அண்ணாந்து பார்க்கும்போதும் வந்து ஒரு நிமிடத்துக்குள் அடங்கினால், அது பெரும்பாலும் உள்காதில் ஒரு துகள் இடம்பெயர்ந்து அங்கிருக்கும் குழலுக்குள் போனதால் வரும் பிபிபிவி (தலையின் நிலை மாறும்போது வரும் சுற்றல்). நாள் கணக்கில் விடாமல் சுற்றி, வாந்தியும் சேர்ந்து, காது மட்டும் நன்றாகக் கேட்டால் சமநிலை நரம்பின் அழற்சியாக இருக்கலாம். 20 நிமிடம் முதல் 12 மணி நேரம் வரை சுற்றல், அதோடு காதடைப்பு, இரைச்சல், கேட்கும் திறன் ஏறி இறங்குவது என்றால் மெனியர் என்ற உள்காது நோயை நினைக்க வேண்டும். ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கு 5 நிமிடத்திலிருந்து 72 மணி நேரம் வரைகூட நீடிக்கும். படுத்திருந்து எழுந்து நின்ற 3 நிமிடத்துக்குள் ரத்த அழுத்தத்தின் மேல் அளவு 20 புள்ளி இறங்கினால் காதின் மேல் பழி போட வேண்டாம்.

இன்னொன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சுற்றலோடு பேச்சு குழறினாலோ, பொருள் இரண்டாகத் தெரிந்தாலோ, முகமோ கைகாலோ மரத்துப்போனாலோ, இதுவரை வராத தலைவலி வந்தாலோ, ஒரு காது திடீரெனக் கேட்காமல் போனாலோ, பிடிமானம் இல்லாமல் உட்காரவே முடியாவிட்டாலோ உடற்பயிற்சி, மாத்திரை எதையும் யோசிக்காதீர்கள். அவசர சிகிச்சைக்கு ஓடுங்கள். ‘கொஞ்சம் படுத்துப் பார்க்கிறேன்’ என்று போகும் மணி நேரம் திரும்பி வராது. ‘சிடி ஸ்கேன் நார்மல்’ என்று நிம்மதியாகவும் வேண்டாம். சிறுமூளைப் பக்கத்து ரத்தக்குழாய் அடைப்பு முதல் மணி நேரங்களில் சிடியில் பெரும்பாலும் தெரியாது.

இப்போது கழுத்துக்கு வருவோம். பட்டை போடச் சொல்கிறவர்களின் வாதம் இது: ‘தலையைத் திருப்பினால் சுற்றுகிறது, எக்ஸ்ரேயில் தேய்மானம் இருக்கிறது, ஆகவே கழுத்தால்தான் சுற்றுகிறது.’ கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் 50 வயதைத் தாண்டியவர்களைப் படம் எடுத்தால், எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களிடமும் தேய்மானம் தெரியும். நரைமுடியைக் காட்டி வயிற்றுவலிக்குக் காரணம் சொல்வது மாதிரி. கழுத்தைத் திருப்பும்போது கழுத்து மட்டுமா திரும்புகிறது? தலைக்குள் இருக்கும் உள்காதும் சேர்ந்து திரும்புகிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்க வழி உண்டு. சுழலும் நாற்காலியில் உட்காரவைத்து, ஒருவர் தலையை அசையாமல் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் நாற்காலியைத் திருப்பட்டும். கழுத்து முறுக்கும், காது அசையாது. பெரும்பாலோருக்கு அப்போது ஒன்றும் ஆகாது. படுக்கையில் கழுத்தை வளைக்காமல் மரக்கட்டை போல உருளச் சொல்லுங்கள். கழுத்து முறுக்கவே இல்லை, ஆனாலும் சுற்றும். கழுத்தால் வரும் தலைசுற்றல் இல்லவே இல்லை என்று சொல்லவில்லை. அது அறை சுழலும் சுற்றலாக இருக்காது, கழுத்துவலியும் விறைப்பும் கூடவே இருக்கும், மற்ற காரணங்களையெல்லாம் விலக்கிய பிறகுதான் அதற்கு வர வேண்டும். பலரிடம் கதை தலைகீழ்: சுற்றலுக்குப் பயந்து மாதக்கணக்கில் தலையை அசைக்காததால் கழுத்து பிடித்துக்கொண்டது.

பட்டையின் உண்மையான கெடுதல் வேறு. ஒரு பக்கத்துச் சமநிலை உறுப்பு பழுதானால் மூளை அதற்கேற்பத் தன் கணக்கை மாற்றிக்கொள்ளும். தலை அசைந்து, காட்சி கொஞ்சம் நழுவி, பிழை தெரிந்தால்தான் அந்தத் திருத்தம் நடக்கும். பட்டை போட்டுத் தலையை நிறுத்தினால் பிழையே தெரியாது. (விபத்துக்கோ அறுவை சிகிச்சைக்கோ போட்ட பட்டையென்றால் நீங்களாகக் கழற்றாதீர்கள்.)

மாத்திரையும் இதே ரகம். புரோகுளோர்பெரசின், சின்னரிசின் போன்றவை கடுமையான சுற்றலும் வாந்தியும் இருக்கும் முதல் இரண்டு மூன்று நாட்களுக்கு உதவும். அதற்குமேல் மூளை கற்றுக்கொள்வதை மந்தமாக்கும். முதியவர்கள் மாதக்கணக்கில் விழுங்கினால் கை நடுக்கமும் நடையில் மந்தமும் வரலாம். அப்புறம் அந்த நடுக்கத்துக்கு ஒரு மாத்திரை. இடம்பெயர்ந்த துகளை எந்த மாத்திரையும் கரைத்துவிடாது.

அந்தத் துகளைக் குழலிலிருந்து வெளியேற்றும் எப்லி முறை 1992 முதல் மருத்துவ இதழ்களில் இருக்கிறது. காணொளி பார்த்து வீட்டில் செய்கிறவர்கள் தவறுவது பெரும்பாலும் முதல் அடியில்தான்: எந்தப் பக்கம் என்று தெரியாது. அதைக் கண்டுபிடிக்கும் டிக்ஸ்-ஹால்பைக் சோதனையில் தலையை 45 பாகை ஒரு பக்கம் திருப்பி, சட்டென்று படுக்கவைத்து, தலையை மேசை விளிம்புக்குக் கீழே 20 பாகை தொங்கவிடுவோம். சில நொடிகள் ஒன்றும் நடக்காது. பிறகு கண்மணிகள் மேல்நோக்கித் துடித்துக்கொண்டே, கீழே இருக்கும் காதின் பக்கமாகச் சுழலும். கண்ணை இறுக மூடிக்கொண்டால் சோதனையே வீண். பயமாக இருந்தாலும் திறந்து வையுங்கள், ஒரு நிமிடத்துக்குள் நின்றுவிடும்.

வலது காது என்று உறுதியானால் அதே நிலையிலிருந்து தொடர்வோம். சுற்றல் நிற்கும்வரை, குறைந்தது 30 நொடி, அப்படியே. தலையைத் தொங்கலிலேயே வைத்து இடப்பக்கம் 90 பாகை திருப்பி மறுபடி 30 நொடி. பிறகு இடத்தோளில் ஒருக்களித்து, மூக்கு தரையைப் பார்க்கும்படி இன்னொரு 90 பாகை. மறுபடி 30 நொடி. மோவாயைத் தாழ்த்தியபடியே எழுந்து உட்கார வேண்டும். ஒருக்களிக்கும்போது தலையைத் தூக்கிவிடுவது வழக்கமான தப்பு. துகள் வந்த வழியே திரும்பிவிடும். அவசரமாக அடுத்த நிலைக்குப் போவது இன்னொன்று. எழுந்ததும் திடீரென்று பின்னால் தள்ளுவது போல இருக்கும், அதனால் பக்கத்தில் ஒருவர் நின்று உங்கள் தோளை ஒரு நிமிடம் பிடித்துக்கொள்ள வேண்டும். அன்றிரவு உட்கார்ந்தே தூங்க வேண்டியதில்லை. அந்தப் பழைய கட்டுப்பாட்டைக் கைவிட்டு நாளாகிறது. பெரும்பாலோருக்கு ஒன்று முதல் மூன்று முறை செய்தாலே போதும். செய்த பிறகு எந்தப் பக்கம் புரண்டாலும் சுற்றினால் துகள் பக்கத்துக் குழலுக்குள் போயிருக்கலாம். அதற்கு முறையே வேறு, எப்லியைத் திரும்பத் திரும்பச் செய்வதில் பயனில்லை. முடக்குவாதத்தால் கழுத்து பாதிக்கப்பட்டவர்கள், கண் விழித்திரை விலகியவர்கள் தாங்களாக இதைத் தொடவே கூடாது.

நரம்பு அழற்சிக்குப் பிறகு தங்கிவிடும் தள்ளாட்டத்துக்குத்தான் மறுவாழ்வுப் பயிற்சி. இது புதுச் சரக்கும் இல்லை, 1940களிலேயே காத்தோர்ன், குக்சி என்ற இரு பிரிட்டிஷ் மருத்துவர்கள் தலையில் அடிபட்டவர்களைப் படுக்கப்போடாமல் எழுப்பி அசையவைத்தார்கள். ஒரு அட்டையில் ஓர் எழுத்தை எழுதி, கண் மட்டத்தில் கையெட்டும் தூரத்தில் வெற்றுச் சுவரில் ஒட்டுங்கள். எழுத்தையே பார்த்தபடி தலையை இடமும் வலமும் சிறிதளவு, சுமார் 20 பாகை, ஒரு நிமிடம் ஆட்டுங்கள். பிறகு மேலும் கீழும். இதையே திரும்பத் திரும்பச் செய்து, ஒரு நாளில் மூன்று முதல் ஐந்து வேளை, மொத்தம் குறைந்தது 12 நிமிடம். மாதக்கணக்கான தொந்தரவென்றால் 20 நிமிடம். எழுத்து தெளிவாகத் தெரியும் எல்லைக்குள் எவ்வளவு வேகமாக முடியுமோ அவ்வளவு வேகம். சாமியாடுவது போல வேண்டாம், ஆமை வேகமும் வேண்டாம்: மெதுவாக அசைத்தால் கண் வேறு வழியில் எழுத்தைத் தொடர்ந்துவிடும், காதுக்கு வேலையே இருக்காது.

பயிற்சி செய்தால் சுற்றத்தான் செய்யும். ‘உங்களிடம் வந்த பிறகு அதிகமாகிவிட்டது’ என்று முதல் வாரத்திலேயே நிறுத்திவிடுகிறவர்கள் ஏராளம். சுற்றலுக்குப் பத்துக்கு இவ்வளவு என்று நீங்களே மதிப்பெண் போட்டு, அது இரண்டு மூன்று புள்ளி ஏறி, 15–20 நிமிடத்தில் தணிந்தால் அது சரியான அளவு. தணியவில்லை என்றால் மறுநாள் வேகத்தைக் குறையுங்கள், பயிற்சியை விடாதீர்கள். நிற்கும் பயிற்சிக்கு அறையின் மூலைதான் நல்ல இடம். முதுகு மூலைக்கு, முன்னால் ஒரு நாற்காலி, கால்களைச் சேர்த்து 30 நொடி. பிறகு கண்ணை மூடி. அதுவும் பழகிய பிறகு தடித்த பஞ்சு மெத்தைத் துண்டின் மேல். மெனியர் தாக்கிக்கொண்டிருக்கும்போது இவை அந்தத் தாக்குதலை நிறுத்தாது. இடைப்பட்ட நாட்களின் தள்ளாட்டத்துக்கு வேண்டுமானால் உதவும்.

சோதனைக்கு வரும் நாளில் சுற்றலுக்கான மாத்திரையைத் தள்ளிப்போடலாமா என்று அதைக் கொடுத்தவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், மருந்து கண் துடிப்பை மறைத்துவிடும். வயிறு முட்டச் சாப்பிட்டு வராதீர்கள். வண்டி ஓட்டிக்கொண்டு தனியாகவும் வராதீர்கள். வீட்டில் சுற்றல் வரும்போது பக்கத்தில் இருப்பவர் பதறாமல் கைபேசியை எடுத்து, நல்ல வெளிச்சத்தில், திறந்த கண்களை மட்டும் நெருக்கமாக 30 நொடி படம் பிடித்துவைக்கட்டும். கழுத்து எக்ஸ்ரேயைவிட எங்களுக்கு அதுதான் வேண்டும்.